பக்கவாதத்துக்குப் பிறகு மூளையைத் தாக்குவது யார்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பக்கவாதம் பற்றி எழுதும்போது, "ரத்தக்கட்டியோடு சேதம் முடிவதில்லை, நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமும் அதில் கை வைக்கிறது, அதைத் தடுக்க சகிப்புத்தன்மை என்ற வழியில் ஆராய்ச்சி நடக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது, ரத்தம் போகாமல் மூளை சாகிறது. இதுதானே பக்கவாதம்? இதில் நோய் எதிர்ப்பு சக்திக்கு என்ன வேலை? கிருமி ஒன்றும் இல்லையே! (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

முதல் சேதம் ரத்தம் நின்றதால் வருவதுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டு சிகிச்சையும் கிடைக்காவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போய்விடுகின்றன என்று 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் பகுதி சீக்கிரமே இறந்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி வேலை செய்யாமல், ஆனால் உயிரோடு, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போடுவதும், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியைக் குழாய் வழியாக வெளியே எடுப்பதும் இந்தச் சுற்றுப்பகுதியைக் காப்பாற்றத்தான்.

இனிமேல்தான் உங்கள் கேள்வி வருகிறது. கிருமி இல்லை, சரி. ஆனால் எதிர்ப்பு மண்டலம் கிருமியை மட்டும் தேடிக்கொண்டிருப்பதில்லை, செல்கள் உடைந்து சிதறினாலும் அதற்கு அபாய மணிதான். செத்த செல்லுக்குள் இருந்த ஏடிபி, ஹெச்எம்ஜிபி1 போன்ற பொருட்கள் வெளியே கொட்டுகின்றன, அவற்றைத் தொட்டதும் மூளையின் சொந்தக் காவலர்களான மைக்ரோகிளியா செல்கள் விழித்துக்கொள்கின்றன, ரத்தக் குழாயின் உள்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது, சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே வந்து ஒட்டி, சுவரை அரிக்கும் நொதிகளைக் கக்குகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு இதனால் ஓட்டையாகிறது. வீக்கம் கூடுகிறது. அடுத்த ஓரிரு நாளில் மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள், அதற்குப் பின்னால், எதைத் தாக்குவது என்று குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் பார்த்து வேலை செய்யும் டி செல்கள். வருகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, செத்ததை அகற்ற யாராவது வந்துதானே ஆக வேண்டும். ஆனால் குப்பை அள்ள வந்தவர்கள் நிற்கிற சுவரையும் சேர்த்து இடித்துவிட்டுப் போகிற கதை இங்கே நிறைய நடக்கிறது. லிம்ஃபோசைட்டுகளே (டி செல், பி செல் அடங்கிய வெள்ளையணு வகை) இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பக்கவாதம் உண்டாக்கினால் மூளையில் சேதமாகும் பரப்பு குறைவாகவே இருக்கிறது என்று பல ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். இது சும்மா ஊகம் இல்லை என்பதற்கு அதுவே போதும்.

இன்னொரு விஷயம், எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மூளையின் சில புரதங்களை நம் எதிர்ப்பு மண்டலம் சாதாரணமாக அதிகம் பார்த்ததே இல்லை, தடுப்புக்கு உள்ளேயே இருப்பவை அவை. பக்கவாதம் வந்ததும் அவை வெளியே கசிகின்றன. பக்கவாதம் வந்த நோயாளிகளின் தொண்டையில் உள்ள டான்சில் திசுவிலும், கழுத்து நிணநீர் முடிச்சுகளிலும் மூளைப் புரதத் துணுக்குகள் இருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். எதிர்ப்பு மண்டலம் "இது யார், நண்பனா பகைவனா" என்று முடிவெடுக்கும் இடங்களே அவைதான். அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் இன்றைக்கு நாம் பேசப்போகிற விஷயம் முழுவதும்.

கேள்வி: அப்படியென்றால் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பு சக்தியை அமுக்கிவிடலாமே? கிட்னி மாற்றியவர்களுக்குக் கொடுக்கிறார்களே அந்த மாதிரி? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனையும் இதுதான், மருந்து கம்பெனிகளுக்கும் சேர்த்து. ஸ்டீராய்டு பக்கவாதத்தின் வழக்கமான சிகிச்சையில் இடம் பிடிக்கவில்லை. வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் என்ற எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) 625 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவுகள் 2001-இல் வந்தன. மருந்து வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட மோசமாக இருந்தார்கள், காய்ச்சலும் தொற்றும் அதிகம், இறப்பும் அதிகம். அது எலியில் தயாரித்த எதிர்ப்பொருள், மனித உடம்புக்குள் போனதும் அதுவே அழற்சியைக் கிளப்பிவிட்டது என்பது பிறகு சொல்லப்பட்ட விளக்கம். நியூட்ரோஃபிலைத் தடுக்கும் வேறொரு மருந்து 2003-இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு மண்டலமே நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயில் நன்றாக வேலை செய்யும் நாட்டலிசுமாப் மருந்தைப் பக்கவாதத்தில் போட்டுப் பார்த்ததில் மூளைச் சேதத்தின் அளவு குறையவில்லை, இது 2017.

காரணம் ஒன்றல்ல. ஆனால் முக்கியமான ஒன்று, பக்கவாதம் வந்த உடம்பு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி குன்றிப்போய்த்தான் இருக்கிறது (இதைக் கீழே செவிலியர் ஒருவரின் கேள்வியில் பார்ப்போம்). அதை மேலும் அமுக்கினால் நிமோனியா வந்து நிற்கும். கிட்னி மாற்றியவரின் கதை வேறு, அவர் படுத்த படுக்கையில் விழுங்க முடியாமல் இல்லை.

எனக்குத் தோன்றுவது: மொத்தமாக அமுக்குவது முரட்டு வைத்தியம். வேண்டியது, கிருமியிடம் முழு பலத்தோடு சண்டை போடு, மூளையிடம் மட்டும் சும்மா இரு என்று சொல்லிக்கொடுப்பது.

கேள்வி: அதைத்தான் சகிப்புத்தன்மை என்கிறீர்களா? எதிர்ப்பு சக்திக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்? (கல்லூரி மாணவி, உயிரியல்)

ஆமாம், அதுதான். அது நம் உடம்பில் தினமும் நடப்பதுதான், நாம் கண்டுபிடித்துப் புதிதாகப் புகுத்த வேண்டியதில்லை. நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள், டி செல்கள் தைமஸ் சுரப்பியில் உருவாகும்போதே, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும். தப்பி வெளியே வருகிறவற்றை அடக்கி வைக்கத் தனியாக ஒரு வகை டி செல்கள் உண்டு, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றை அடையாளம் காட்டினார். அந்தக் காலத்தில் பலர் நம்பவில்லை. அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் இந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைப் பிடித்த பிறகு கதை முழுமையானது. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதற்கு முன்பே, 1960-இல், பீட்டர் மெடவாருக்கும் மெக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் சகிப்புத்தன்மைக்காகவே நோபல் கொடுத்துவிட்டார்கள். ஒரே துறைக்கு இரண்டு முறை, நடுவில் 65 வருஷம்.

சரி, சொல்லிக்கொடுப்பது எப்படி? மிகப் பழைய வழி வாய் வழி. 1911-இலேயே கிடியன் வெல்ஸ் என்ற அமெரிக்கர், முட்டைப் புரதத்தை முன்கூட்டியே தின்ற கினிப்பன்றிகளுக்கு அதே புரதத்தை ஊசியில் ஏற்றினாலும் ஒவ்வாமை அதிர்ச்சி வருவதில்லை என்று பார்த்தார். குடலும் மூக்கின் உள்படலமும் தினமும் அந்நியப் பொருட்களைச் சந்தித்துக்கொண்டே இருக்கும் இடங்கள், வந்ததை எல்லாம் எதிர்த்துக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது. அதனால் அந்த வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக, அபாய மணி எதுவும் இல்லாமல் உள்ளே வரும் புரதத்துக்கு எதிர்ப்பு மண்டலம் அடக்கமாகவே பதில் சொல்லப் பழகியிருக்கிறது. அதே புரதம் தோலுக்கு அடியில் ஊசியாக, அழற்சியைத் தூண்டும் சரக்கோடு சேர்ந்து போனால் பதில் தலைகீழ், அது தடுப்பூசி. அளவு, வழி, சூழ்நிலை மூன்றும் சேர்ந்துதான் பதிலை முடிவு செய்கின்றன. இதில் சூழ்நிலை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வி: பக்கவாதத்தில் இதை உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்களா? (பலர்)

எலிகளில், ஆமாம். 1997-இல் கைரா பெக்கரும் ஜான் ஹாலன்பெக்கும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்த சோதனைதான் தொடக்கம். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையில் ஒரு புரதம் இருக்கிறது, மையலின் பேசிக் புரோட்டீன். அதை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு மூளைக்குப் போகும் நடு ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்துத் திறந்தார்கள். பழக்கிய எலிகளின் மூளையில் சேதம் கணிசமாகக் குறைவு. அவற்றின் லிம்ஃபோசைட்டுகள் டிஜிஎஃப் பீட்டா என்ற, அழற்சியை அடக்கும் பொருளைச் சுரந்தன. பழக்கிய எலியின் மண்ணீரல் செல்களை எடுத்துப் பழக்காத எலிக்குள் ஏற்றினால் பாதுகாப்பும் கூடவே போகிறது என்பதைப் பின்னால் அதே குழு காட்டியது. பலன் செல்களில்தான் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

2003-இல் ஃப்ரெங்கல், வைனர் குழுவினர் வேறொரு மையலின் புரதத்தின் துண்டை மூக்கு வழியாகக் கொடுத்தார்கள். அங்கேயும் சேதம் நன்றாகக் குறைந்தது. அங்கே வேலை செய்தது இன்டர்லூக்கின்-10, அதுவும் அழற்சியை அடக்கும் பொருள்தான். அந்த ஒரு பொருளை உருவாக்க முடியாத எலிகளில் பலனே கிடைக்கவில்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பக்கவாதத்தில் மூளையைக் கெடுக்க வருகிற செல்களில் மையலினைத் தேடி வருகிறவை ஒரு சிறு பங்குதான், நியூட்ரோஃபிலுக்கு மையலின் என்றால் என்னவென்றே தெரியாது. அப்புறம் எப்படி மையலினுக்குப் பழக்கினால் எல்லோரும் அடங்குகிறார்கள்? விடை இப்படி. பழகிய டி செல் தன் புரதத்தை அடையாளம் கண்டதும் அங்கேயே நின்று டிஜிஎஃப் பீட்டாவையும் இன்டர்லூக்கின்-10-ஐயும் சுரக்கிறது. அவை அக்கம்பக்கத்தில் இருக்கும் யாரையும், எதைத் தேடி வந்திருந்தாலும், அடக்கிவிடும். ஆகவே புரதம் வில்லனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சேதம் நடக்கும் இடத்தில் இருந்தால் போதும். அந்தப் புரதம் முக்கியமாக நரம்பு மண்டலத்தில்தான் இருப்பதால் நுரையீரலிலும் சிறுநீர்ப் பாதையிலும் எதிர்ப்பு சக்தி வழக்கம்போல வேலை செய்யும். மேலே நண்பர் கேட்ட ஸ்டீராய்டு யோசனையைவிட இது ஏன் புத்திசாலித்தனமானது என்று இப்போது தெரியும்.

இந்தத் தர்க்கத்தை ஹாலன்பெக் குழு இன்னும் ஒரு படி கொண்டுபோனது. மூளைப் புரதத்தையே விட்டுவிட்டு, குழாயின் உள்சுவர் அழற்சியின்போது மட்டும் வெளிக்காட்டும் ஈ-செலக்டின் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். உயர் ரத்த அழுத்தத்தால் தானாகவே பக்கவாதம் வரும் ஒரு எலி இனம் உண்டு. அவற்றுக்கு மூக்கு வழியாக ஈ-செலக்டினைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் பக்கவாதம் வருவதே குறைந்தது, அடைப்பால் வருவது, ரத்தக்கசிவால் வருவது இரண்டுமே. 2002-இல் வெளிவந்தது.

கேள்வி: எல்லாச் சோதனையிலும் எலிக்கு முன்கூட்டியே பழக்கியிருக்கிறார்கள். மனிதனுக்கு என்றைக்குப் பக்கவாதம் வரும் என்று யாருக்குத் தெரியும்? இது நடக்கிற காரியமா? (பொறியாளர்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். எதிர்ப்பு மண்டலம் பாடம் கற்க நாட்கள், வாரங்கள் ஆகும். பக்கவாதம் வந்த பிறகு மூக்கில் புரதத்தைத் தெளித்து உட்கார்ந்திருந்தால் முதல் நாள் சேதத்துக்கு அது எந்த வகையிலும் உதவாது.

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். ஒன்று, அபாயம் அதிகம் உள்ளவர்களை முன்கூட்டியே பழக்குவது. சில நிமிடங்கள் கை விழுந்து, வாய் குழறி, பிறகு சரியாகிவிடும் சிறு தாக்குதல் வந்தவர்கள், இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், இப்படி. ஈ-செலக்டின் யோசனையின் ஈர்ப்பே இதுதான், ஆனால் சிறு தாக்குதல் வந்தவருக்கு அடுத்த சில நாட்கள்தான் மிக ஆபத்தான காலம், பாடம் முடிவதற்குள் பரீட்சை வந்துவிடலாம். இரண்டாவது, ஒழுங்குபடுத்தும் செல்களைத் தயாராக வெளியிலிருந்து ஏற்றுவது. எலிகளில் செய்திருக்கிறார்கள், ஆனால் ஒரு நோயாளிக்கு மணிக்கணக்கில் அதைத் தயார் செய்து கொடுப்பது இப்போதைக்குக் கஷ்டம். மூன்றாவது பதில்தான் எனக்கு உருப்படியாகப் படுகிறது: முதல் நாளை விட்டுவிடுங்கள், அதற்குக் கட்டியைக் கரைக்கும் சிகிச்சை இருக்கிறது. டி செல்கள் மூளைக்குள் சேர்வதே நாட்கள் கழித்துத்தான், மூளைக்கு எதிரான பதில் உருவாவதும் வாரக்கணக்கில் நடப்பதுதான். அந்த மெதுவான இரண்டாம் கட்டத்தைத் திருப்பிவிட நேரம் இருக்கிறது.

எலியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2006-இல் ஓர் ஆய்வு, அதுவரை பக்கவாதத்துக்காகச் சோதித்த மருந்துகளையும் முறைகளையும் எண்ணியபோது 1,026 வந்தது. எலியில் ஜெயித்தவை அதில் நூற்றுக்கணக்கில். மனிதரில் ஜெயித்தது கட்டியைக் கரைப்பது போன்ற விரல் விட்டு எண்ணும் சங்கதிகள். சோதனை எலி பெரும்பாலும் இளசு, ஆண், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லாதது, சுத்தமான கூண்டில் கிருமியே அதிகம் பார்க்காமல் வளர்ந்தது. பக்கவாதம் வருகிற மனிதர் அப்படியா இருக்கிறார்!

கேள்வி: பக்கவாத வார்டில் பல வருஷமாக வேலை செய்கிறேன். நிமோனியா வந்தவர்கள் பிழைத்தாலும் கை கால் சரியாகத் திரும்புவதில்லை. உடம்பு தளர்ந்ததால் என்று நினைத்திருந்தேன். இதற்கும் நீங்கள் சொல்வதற்கும் சம்பந்தம் உண்டா? (செவிலியர்)

இந்த மாதம் வந்ததில் சிறந்த கேள்வி இதுதான்.

உடம்பு தளர்வதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் மேலே சூழ்நிலை என்று சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து மூளைப் புரதங்கள் கசிந்து நிணநீர் முடிச்சுக்கு வந்து சேரும் நேரம். எதிர்ப்பு மண்டலம் அவற்றை முதல் முறையாகச் சரியாகப் பார்க்கிறது. அந்த நேரத்தில் உடம்பு அமைதியாக இருந்தால் அடக்கமான பதில். அதே நேரத்தில் நுரையீரலில் கிருமி புகுந்து, உடம்பு முழுக்க அபாய மணி அடித்துக்கொண்டிருந்தால்? அந்த ஆரவாரத்தில் பார்க்கப்படும் மூளைப் புரதமும் பகைவன் பட்டியலில் சேர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. தடுப்பூசியில் அழற்சியைத் தூண்டும் சரக்கைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான், அங்கே அது நல்லதுக்கு.

பெக்கரின் குழு இதை நேரடியாகச் சோதித்தது. எலிக்குப் பக்கவாதம் உண்டாக்கும்போது பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான எல்பிஎஸ்-ஐயும் ஊசியில் ஏற்றினார்கள். உயிருள்ள கிருமி இல்லை, கிருமி வந்துவிட்டது என்ற பொய்த் தகவல் மட்டும்தான். அந்த எலிகளில் மையலின் புரதத்துக்கு எதிரான, தாக்கும் வகை டி செல் பதில் அதிகம் உருவானது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவற்றின் நிலை மோசம். முன்பே மையலினுக்குப் பழக்கிய எலிகளில் இந்தக் கேடு குறைந்தது, இது 2008-இல் வந்தது. பிறகு 2011-இல் மனிதர்களிடம்: பக்கவாத நோயாளிகளின் ரத்தத்தில் மையலின் புரதத்துக்கு எதிரான பதிலைத் தொடர்ந்து அளந்தார்கள். அந்தப் பதில் வலுவாக இருந்தவர்கள் பின்னாளில் தேறியது குறைவு, ஆரம்பத்தில் நிமோனியா வந்தவர்களிடம் அந்தப் பதில் அதிகம் தென்பட்டது. இது காரணத்தை நிரூபித்துவிடவில்லை, இரண்டும் சேர்ந்து போகின்றன என்பது மட்டும்தான். ஆனால் நீங்கள் வார்டில் பார்த்ததோடு பொருந்துகிறது, இல்லையா.

இதன் மறுபக்கம் இன்னும் சுவாரசியம். பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தி தானாகவே சில நாட்கள் படுத்துவிடுகிறது. ரத்தத்தில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை விழும். 2003-இல் பெர்லினில், பக்கவாதம் உண்டாக்கிய எலிகள் வெளியிலிருந்து கிருமி எதுவும் கொடுக்காமலே நிமோனியாவில் விழுந்தன, மூளையிலிருந்து வரும் அட்ரினலின் வகை உத்தரவுகளைப் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்து நிறுத்தினால் தொற்றும் இறப்பும் குறைந்தன. மூளை ஏன் தன் காவலர்களையே படுக்கவைக்கிறது? கசிந்த மூளைப் புரதங்களை அவர்கள் தாக்கிவிடக் கூடாது என்பதற்கான தற்காப்பாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது. உண்மையென்றால் உடம்பே செய்கிற முரட்டு வைத்தியம் அது, விலை நிமோனியா.

அப்படியானால் எல்லோருக்கும் முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 2,500-க்கு மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்துவிட்டார்கள், 2015-இல் முடிவு வந்தது. தொற்று குறைந்தது, முக்கியமாகச் சிறுநீர்த் தொற்று. ஆனால் நோயாளிகள் தேறுவதில் வித்தியாசம் இல்லை. ஆகவே வார்டில் இன்றைக்கு நம் கையில் இருப்பது பழைய வேலைகள்தான்: விழுங்கும் திறனைச் சோதிக்காமல் தண்ணீர், மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதிருப்பது, தலையை உயர்த்திப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது, தேவையில்லாத சிறுநீர்க் குழாயை எடுத்துவிடுவது, காய்ச்சலை உடனே கவனிப்பது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: மையலின் புரதம் மாத்திரையாகக் கிடைக்குமா? வாய் வழியாகத்தானே கொடுத்தார்கள்? (வாசகர்)

கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயாளிகளுக்கு மாட்டு மையலினை வாய் வழியாகக் கொடுத்த பெரிய சோதனை 1997-இல் முடிந்தது, வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. எலிக்கு எவ்வளவு என்பதை வைத்து மனிதனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட முடியவில்லை. தவறான அளவில், தவறான நேரத்தில் கொடுத்தால் பழக்குவதற்குப் பதில் உசுப்பிவிடும் அபாயமும் இருக்கிறது.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் டானிக்குகள்? (அதே வாசகர்)

மேலே எழுதியதைப் படித்துவிட்டுமா!

கேள்வி: ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பக்கவாதத்தில் நல்லதா கெட்டதா? ஒரு கட்டுரை நல்லது என்கிறது, இன்னொன்று கெட்டது என்கிறது. (முதுநிலை மருத்துவ மாணவர்)

இரண்டையும் நானும் படித்தேன். 2009-இல் லீஸ் குழு, இந்தச் செல்களை நீக்கிய எலிகளில் சேதம் கூடுகிறது, இன்டர்லூக்கின்-10 வழியாக இவை மூளையைக் காக்கின்றன என்றது. 2013-இல் க்ளைன்ஷ்னிட்ஸ் குழு நேர்மாறாக, முதல் நாளில் இவை குழாய்ச் சுவரோடும் தட்டணுக்களோடும் சேர்ந்து நுண்குழாய்களை அடைக்கின்றன, இவற்றை நீக்கினால் சேதம் குறைகிறது என்றது. எலி வகை வேறு, குழாயை எவ்வளவு நேரம் அடைத்தார்கள் என்பது வேறு, சேதத்தை அளந்த நாளும் வேறு. எனவே சண்டை பாதி நிஜம், பாதி அளவீட்டுப் பிரச்சினை.

2019-இல் ஜப்பானின் யோஷிமுரா குழு சொன்னதைப் படித்தீர்களா? ஒழுங்குபடுத்தும் செல்கள் எலியின் மூளைக்குள் பெரிய அளவில் சேர்வது முதல் வாரத்துக்குப் பிறகுதான். அங்கே அவை ஆம்ஃபிரெகுலின் என்ற பொருளைச் சுரந்து, ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மூளையின் துணை செல்கள் அளவுக்கு மீறித் தழும்பு போடுவதை அடக்கி, நடை, பிடிமானம் திரும்ப உதவுகின்றன. முதல் நாளில் இவை என்ன செய்கின்றன என்ற வழக்கு எப்படி முடிந்தாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் இவை பக்கம் சாய்ந்து பேசலாம் என்பது என் கருத்து. தேர்வில் இப்படி எழுதாதீர்கள், இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு லேசான பக்கவாதம்தான் வந்தது, கை கால் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு வருஷம் கழித்து ஞாபகம் குறைகிறது. இதுவும் எதிர்ப்பு சக்தி வேலையா? (மகள்)

இருக்கலாம் என்று நினைக்க எலியில் ஓர் ஆதாரம் உண்டு. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பக்கவாதம் வந்து வாரங்கள் கழித்துச் சில எலிகளின் மூளையில் பி செல்கள் குவிந்து எதிர்ப்பொருட்களை உண்டாக்குவதையும், அந்த எலிகளின் ஞாபகம் தாமதமாகக் குறைவதையும், பி செல்களை நீக்கினால் அந்தக் குறைவு தடுக்கப்படுவதையும் காட்டினார்கள். ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் அதைவிடச் சாதாரணமான காரணங்களை முதலில் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாமல் வந்த சிறு சிறு பக்கவாதங்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, காது சரியாகக் கேட்காதது, சாப்பிடும் மாத்திரைகள். இவற்றில் பலவற்றுக்கு இன்றைக்கே வைத்தியம் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் ஞாபகப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்தச் சகிப்புத்தன்மை சிகிச்சை எங்கே கிடைக்கும்? இன்னொன்று, ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்தியை உசுப்பினால் மூளைக்கு ஆபத்து என்றால் ஊசி போடலாமா? (மகன்)

முதல் கேள்விக்கு: எங்கேயும் கிடைக்காது. பக்கவாதத்துக்கான சகிப்புத்தன்மை சிகிச்சை என்று அங்கீகாரம் பெற்ற ஒன்று இன்றைக்கு இல்லை. இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால், எந்தச் சோதனையின் கீழ், எந்த நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு என்று எழுத்தில் கேளுங்கள். முறையான ஆராய்ச்சியில் சேருபவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. இரண்டு மாதம் என்பது பயிற்சிக்கு நல்ல காலம், பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் தளரவிடாதீர்கள், ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தடுப்பூசி பற்றிய உங்கள் பயம் நான் எழுதியதிலிருந்தே வந்தது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எலியில் கெடுதல் செய்தது, மூளைப் புரதம் கொட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உடம்பு முழுக்கப் பரவிய பலத்த தூண்டல். ஃப்ளூ ஊசி தோள் தசையில் போடும் சிறு தூண்டல், ஓரிரு நாள் வலி, சிலருக்கு லேசான காய்ச்சல், அவ்வளவுதான். நிஜமான ஃப்ளூ வந்தால் வரும் அழற்சி அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, ஃப்ளூ போன்ற தொற்றுக்குப் பிந்தைய நாட்களில் பக்கவாதமும் மாரடைப்பும் வரும் வாய்ப்பே கூடுகிறது. நீங்கள் பயப்படும் காரணத்துக்காகவேதான் ஊசி போட வேண்டும். அப்பாவுக்கு இப்போது காய்ச்சல் இருந்தால் அது தணியட்டும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். நிமோகாக்கஸ் தடுப்பூசியும் அவர் வயதுக்குத் தேவையா என்று அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள்.